டினா டர்னரின் சிறந்த பாடல்களை எப்படிக் கேட்பது? ஒரு பின்னணி விளக்கம்

2023 மே 24 அன்று, சுவிட்சர்லாந்தில் சூரிக் ஏரிக்கரையில் உள்ள கூஸ்நாக்ட் ஊரில், தமது 83ஆம் வயதில் டினா டர்னர் காலமானார். உலகச் செய்தித்தாள்கள் பலவும் அவரை ராக் அண்ட் ரோல் இசையின் அரசி என்றே குறிப்பிட்டன. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அவருடைய பாடல்களை முதன்முறையாகத் தேடிக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு மூன்று இடங்களில் குழப்பம் வருகிறது.

1. அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை அவர் எழுதவில்லை; பல பாடல்களை அவருக்கு முன்பே வேறு யாரோ பாடியிருக்கிறார்கள். அப்படியானால் அவருடைய பங்களிப்பு என்ன?

2. ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இரண்டு முறை, 1991இலும் 2021இலும், சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே பாடகிக்கு ஏன் இரண்டு முறை?

3. கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் அவருடைய சிறந்த பாடல் தொகுப்புகளில் பெரும்பகுதி 1983க்குப் பிந்தையது. 1960இலேயே பட்டியலில் இடம்பிடித்த ஒருவரின் முதல் 20 ஆண்டுகள் எங்கே போயின?

இம்மூன்று கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். தம் குரல் மீதும், அந்தக் குரலோடு ஒட்டிய பெயர் மீதும் அவருக்கு நெடுங்காலம் அதிகாரம் இருக்கவில்லை. அந்த அதிகாரத்தை அவர் எப்படிப் பெற்றார் என்பதை அறிந்து கேட்கும்போது, தொகுப்பில் வரிசையாக நிற்கும் பாடல்களின் கனம் கூடுகிறது.

முதலில் சில சொற்கள்

மேற்கத்திய இசைத்தட்டுத் தொழிலில் ஒரு பாடலுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஓர் உரிமை. அது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் உரியது. குறிப்பிட்ட ஒருவர் அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. அது பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும், பாடகருக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும். டினா டர்னரைப் போல மற்றவர்கள் எழுதியதைப் பாடியவர்களின் வாழ்நாள் உழைப்பு ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டாவது உரிமைக்குள்ளேயே இருக்கிறது.

ஒருவர் முன்பே பதிவு செய்த பாடலை வேறொருவர் தம் பாணியில் பாடுவது கவர் எனப்படும். ஒரு பாடகர் தாம் பாடிய பழைய பாடலையே மீண்டும் புதிதாகப் பாடிப் பதிவு செய்வது மறுபதிவு. தனியாக வெளியிடப்படும் பாடல் சிங்கிள். அமெரிக்காவில் சிங்கிள்களின் வார நிலவரத்தைக் காட்டும் முதன்மைப் பட்டியல் பில்போர்ட் ஹாட் 100. அதே இதழ் கறுப்பின ரசிகர்களிடையே விற்பவற்றைக் கணக்கிட ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற தனிப் பட்டியலையும் வெளியிட்டுவந்தது. இந்தப் பிரிவினை வானொலி நிலையங்களிலும் இருந்தது. அதன் விளைவைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

பெயர் யாருடையது?

டினா டர்னரின் இயற்பெயர் அன்னா மே புல்லக். 1939 நவம்பர் 26 அன்று டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் பிறந்து, அருகிலுள்ள நட்புஷ் என்ற சிற்றூரில், பருத்தி வயல்களுக்கு நடுவே வளர்ந்தார். பாடக் கற்றது தேவாலயப் பாடகர் குழுவில். பதின்ம வயதில் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் உள்ள கிழக்கு செயின்ட் லூயிஸின் இரவு விடுதி ஒன்றில் ஐக் டர்னரின் இசைக்குழுவைக் கண்டார். ஓர் இடைவேளையில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடினார். 1958இல் லிட்டில் ஆன் என்ற பெயரில் அவர் குரல் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது.

ஐக் டர்னர் தேர்ந்த பியானோ, கிட்டார் கலைஞர். குழுவை நடத்துவதில் கண்டிப்பானவர். 1951இல் மெம்பிஸில் அவருடைய குழு பதிவு செய்த "ராக்கெட் 88", முதல் ராக் அண்ட் ரோல் தட்டு என்று பலரால் கருதப்படுவது, அதைப் பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரில் வெளிவந்தது. அப்போது கைநழுவிய புகழ்தான் பிற்காலத்தில் பெயர்களை இறுகப் பற்றிக்கொள்ளும் குணத்தை ஐக்கிடம் வளர்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1960இல் "எ ஃபூல் இன் லவ்" என்ற பாடலைப் பாட வேண்டிய ஆண் பாடகர் பதிவுக்கு வரவில்லை. பின்னர் அழித்துவிட்டு அவர் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் தற்காலிகமாக அன்னா மே பாடினார். பதிவைக் கேட்ட சூ ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் ஜகி மர்ரே பெண் குரலையே விரும்பினார். பாடல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தையும் ஹாட் 100இல் 27ஆம் இடத்தையும் பிடித்தது. தட்டில் அச்சிடப்பட்ட பெயர் ஐக் அண்ட் டினா டர்னர். காட்டு ராணி ஷீனா என்ற படக்கதைப் பாத்திரத்தின் பெயரோடு ஒலியொப்புமை கொண்ட டினா என்ற பெயரை ஐக் தேர்ந்தெடுத்து, அதைத் தம் வணிக உரிமையாகப் பதிவு செய்தார். இந்தப் பாடகி விலகினால் வேறொரு பெண்ணை அதே பெயரில் மேடையேற்றலாம் என்பதே அதன் பொருள். அன்னா மேக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது அவரைக் கேட்காமலே.

ஒரு பதிவு, இரண்டு நாடுகள்: 1966

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அந்தக் குரலைத் தேடி வந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் கோல்ட் ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டார், பியானோ, தாளக் கருவிகள், ஊதுகருவிகள், தந்திக் கருவிகள் எனப் பல கலைஞர்களை ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்து, எதிரொலி அறைகள் வழியே அவற்றை ஒன்றாகக் கலந்து பெருஞ்சுவர் போன்ற ஓசையை எழுப்புவது அவருடைய பாணி. ஜெஃப் பாரி, எல்லி கிரீனிச் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய "ரிவர் டீப் – மவுண்டன் ஹை" பாடலுக்கு டினாவின் குரல் மட்டுமே வேண்டும் என்றார். பதிவில் தலையிடாமல் ஒதுங்கியிருக்க ஐக்குக்கு 20,000 டாலர் தரப்பட்டது. ஆயினும் தட்டில் இருவர் பெயரும் அச்சானது.

கூவிப் பாடும் பழக்கத்தை விடுத்து மெட்டைப் பிடித்துப் பாடும்படி ஸ்பெக்டர் கேட்டதும், வியர்வையில் நனைந்தபடி மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாடியதும் டினாவே பலமுறை நினைவுகூர்ந்தவை. பாடலைக் கூர்ந்து கேட்டால் அந்த உழைப்பு புலப்படும். முதல் சரணத்தில் ஒரு சிறுமியின் கந்தல் பொம்மையைப் பற்றிய வரிகளை அவர் கீழ்ச்சுருதியில், ஏறத்தாழ அடக்கத்தோடு தொடங்குகிறார். பல்லவியில் இசைக்குழு முழுவதும் எழும்போது குரல் அதற்குள் மூழ்கவில்லை. அதை இழுத்துக்கொண்டு முன்னே செல்கிறது. அவர் பாடியவற்றில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால் நான் தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் இந்தப் பாடல் 88ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் அதே பதிவு 3ஆம் இடத்தை எட்டியது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தை இப்படி அடுக்கலாம்:

1. அமெரிக்க வானொலி நிலையங்கள் கறுப்பினத்தவர் கேட்பவை, வெள்ளையர் கேட்பவை என இரண்டாகப் பிரிந்திருந்தன.

2. தந்திக் கருவிகள் நிறைந்த இந்தப் பாடல் முதல் வகை நிலையங்களுக்குப் பாப் இசையாகவும், இரண்டாம் வகை நிலையங்களுக்குக் கறுப்பின இசையாகவும் பட்டது. எந்தப் பக்கமும் அதை உரிமையோடு ஒலிபரப்பவில்லை.

3. பிரிட்டனில் அப்படிப்பட்ட பிரிவினை இல்லை. அங்கே ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் 1966ஆம் ஆண்டு சுற்றுப்பயணத்துக்கு ஐக் அண்ட் டினா குழுவை அழைத்தது.

4. ஆகவே டினா டர்னரை ராக் பாடகியாக முதலில் ஏற்றுக்கொண்டது அவருடைய சொந்த நாடு அல்ல. 1983இல் அவருடைய மறுவருகை லண்டனிலிருந்து தொடங்கியதற்கும், பிற்காலத்தில் அவர் ஐரோப்பாவிலேயே குடியேறி 2013இல் சுவிஸ் குடியுரிமை பெற்றதற்கும் இங்கிருந்து ஒரு நேர்கோடு இழுக்க முடியும்.

மறுபடைப்பு என்பதன் பொருள்: "ப்ரௌட் மேரி"

கவர் பாடல் என்றாலே இரவல் என்று எண்ணுபவர்கள் 1971இன் "ப்ரௌட் மேரி"யைக் கேட்க வேண்டும். ஜான் ஃபோகர்ட்டி எழுதி, 1969இல் அவருடைய கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு பாடி, ஹாட் 100இல் 2ஆம் இடம் பெற்ற பாடல் அது. நகரத்து வேலையை விட்டுவிட்டு ஆற்றுக் கப்பலில் ஏறிக்கொள்பவரின் பாட்டு. மூலப் பதிவு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீரான நடையில், ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் செல்கிறது.

ஐக் அண்ட் டினா பதிவில் முதலில் கிட்டாரின் மெல்லிய தட்டல் மட்டும் கேட்கிறது. அதன் மேல் டினா பேசுகிறார்: தாங்கள் எதையும் மென்மையாகவும் நிதானமாகவும் செய்வதில்லை, ஆனாலும் இந்தப் பாட்டின் தொடக்கத்தை அப்படிச் செய்யப் போகிறோம், முடிவைக் கரடுமுரடாகச் செய்வோம் என்று அறிவிக்கிறார். அடுத்து, ஐக்கின் கனத்த கீழ்க்குரல் பின்னணியில் உருள, பாடலின் ஒரு பகுதி முழுவதும் மந்த கதியில் நகர்கிறது. பிறகு முரசும் ஊதுகருவிகளும் வெடித்து, தாளம் பாய்ச்சலெடுக்கிறது. ஃபோகர்ட்டியின் வரிகளில் சம்பளத்துக்காக இரவும் பகலும் உழைத்தவர் யாரோ ஒருவர். டினா பாடும்போது அந்த வரிகளில், ஆண்டு முழுவதும் ஊர் ஊராக ஆடிப் பாடியும் தம் கையில் பணமில்லாதிருந்த ஒரு பெண்ணின் நிலை ஏறிக்கொள்கிறது. இதை நாம் பின்னாளில் அறிந்த செய்தியைக் கொண்டு கேட்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் குரலில் இருக்கும் அழுத்தம் அன்றே பதிவானது. ஹாட் 100இல் 4ஆம் இடம், குழுப் பாடலுக்கான கிராமி விருது ஆகியவை கிடைத்தன. மெட்டும் வரியும் ஃபோகர்ட்டிக்குச் சொந்தம். ஆனால் இரு வேகங்களில் அமைந்த அந்தக் கட்டமைப்பு இன்று உலகெங்கும் மேடைக் குழுக்களால் பின்பற்றப்படுவது டினாவைப் பார்த்துத்தான்.

அவர் எழுதிய பாடல்களும் உண்டு. 1973இன் "நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்" அவற்றுள் முதன்மையானது. தேவாலயம், பருத்தி அரைவை ஆலை, பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை எண் 19, வேகக் கட்டுப்பாடு என்று ஓர் ஊரின் பெயர்ப்பலகைகளை வாசிப்பதுபோல வரிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஏக்கமோ புகழ்ச்சியோ இல்லை. இந்த வறண்ட எழுத்து நடையில் அவர் இன்னும் நிறைய எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1976 முதல் 1983 வரை: பெயரை மட்டும் மீட்ட ஆண்டுகள்

டினாவின் கணவராகவும் ஆகியிருந்த ஐக்கின் வன்முறை பல ஆண்டுகள் நீடித்தது. 1976 ஜூலையில், டல்லாஸ் நகரில், தாக்குதலுக்குப் பின் டினா விடுதியிலிருந்து வெளியேறி, நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து விடுதியில் அடைக்கலம் கேட்டார். அவரிடம் அப்போது இருந்தவை 36 சென்ட் காசும் ஒரு பெட்ரோல் கடன் அட்டையும். 1978இல் மணவிலக்கு முடிவானபோது சொத்தையும் பணத்தையும் விட்டுக்கொடுத்து, டினா டர்னர் என்ற மேடைப்பெயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார்.

இது உணர்ச்சிவயப்பட்ட முடிவு என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தெளிந்த கணக்கு என்பதே என் கருத்து.

1. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து வரக்கூடிய வருவாய் எவ்வளவு என்பது அன்று யாருக்கும் தெளிவில்லை; அதற்காக வழக்காடினால் ஐக்குடன் பல ஆண்டுகள் பிணைந்திருக்க நேரிடும்.

2. குழு திடீரென்று உடைந்ததால் இரத்தான நிகழ்ச்சிகளுக்கான கடன் அவர் தலையிலும் விழுந்தது. அதை அடைக்க ஒரே வழி மேடையேறிப் பாடுவது.

3. மேடைக்கு ஆள் வருவது பெயரைப் பார்த்து. 16 ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தது அவருடைய உடலும் குரலும்தான். ஆகவே தம் உழைப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்ததோ அதைத்தான் அவர் கேட்டு வாங்கினார்.

அடுத்த ஆண்டுகளில் விடுதி அரங்குகளிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பாடிப் பிழைப்பு ஓடியது. 1978இலும் 1979இலும் வெளிவந்த "ரஃப்", "லவ் எக்ஸ்ப்ளோஷன்" என்ற இரு தனி ஆல்பங்களும் விற்கவில்லை. ஆஸ்திரேலியரான ராஜர் டேவிஸ் மேலாளராக வந்தபின் மேடை அமைப்பு மாறியது. பளபளப்பு உடைகளும் நடனக் கூட்டமும் குறைந்து, ராக் குழு ஒன்று பின்னே நின்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் போல அரங்குகளை நிரப்ப வேண்டும் என்பதுதான் அவர் வெளிப்படையாகச் சொல்லிவந்த இலக்கு. நாற்பதைக் கடந்த, கடனில் இருந்த, இசை நிறுவனம் எதுவும் ஏற்காத ஒரு கறுப்பினப் பெண் அப்படிச் சொன்னார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருப்பம் பிரிட்டனின் மின்னணு இசைக் கலைஞர்கள் வழியே வந்தது. ஹெவன் 17 குழுவின் மார்ட்டின் வேர் 1982இல் ஒரு தொகுப்புக்காக அவரைப் பாடவைத்தார். 1983இல் ஆல் கிரீனின் "லெட்ஸ் ஸ்டே டுகெதர்" பாடலை சிந்தசைசர் ஒலிகளோடு அவருக்காகப் புதிதாக்கினார். நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் டினா பாடிய நிகழ்ச்சிக்கு பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி இசை நிறுவனத்தாரை அழைத்துவந்ததும் அதே ஆண்டில்தான். பாடல் பிரிட்டனில் 6ஆம் இடத்துக்கு வந்தவுடன், கேப்பிட்டல் நிறுவனம் உடனடியாக ஒரு முழு ஆல்பம் வேண்டும் என்றது.

"ப்ரைவேட் டான்சர்": 1984

சில வாரங்களுக்குள் பல தயாரிப்பாளர்கள் பகிர்ந்து செய்த ஆல்பம் அது. அவசரத்தில் திரட்டப்பட்ட பாடல்கள் என்பதால் பாணி சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை, ஏனெனில் ஒவ்வொரு பாடலும் அந்தக் குரலுக்கேற்ப வளைக்கப்பட்டது. தலைப்புப் பாடலை மார்க் நாஃப்லர் தம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவுக்காக எழுதி, ஓர் ஆண் பாடினால் பொருந்தாது என்று ஒதுக்கி வைத்திருந்தார். பணத்துக்காக ஆடும் ஒரு பெண்ணின் கூற்றாக அமைந்த அந்தப் பாடலை டினா தணிந்த குரலில் பாடுகிறார். பரிதாபம் கோரும் தொனி ஓரிடத்திலும் இல்லை. அதில் வரும் கிட்டார் தனிவாசிப்பு ஜெஃப் பெக்குடையது.

டெரி பிரிட்டன், கிரஹாம் லைல் இருவரும் எழுதிய "வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்" பாடலை டினா முதலில் விரும்பவில்லை. அது தமக்கேற்ற வன்மை இல்லாத பாப் பாடல் என்று கருதினார். பிரிட்டன் அதை அவருக்காகத் திருத்தியமைத்த பிறகே ஒப்புக்கொண்டார். இதைக் கவனமாகக் கேட்பது பயனுள்ளது. தாளம் ரெகே சாயலில் தளர்வாக நடக்கிறது; இசைக்கருவிகளுக்கிடையே நிறைய வெற்றிடம் இருக்கிறது. சரணங்களில் டினா உரக்கப் பாடவே இல்லை; சொற்களை வறட்டுத்தனமாக, ஏறக்குறைய பேசுவதுபோல விடுகிறார். பல்லவியில் காதலுக்கு இதில் என்ன வேலை, அது பழைய உணர்ச்சிதானே என்று மறுக்கும்போது மட்டும் கரகரப்பு மேலேறுகிறது. வரி அன்பை மறுக்கிறது. குரல் அந்த மறுப்புக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. இருபது வயதுப் பாடகி ஒருவர் இதே சொற்களைப் பாடியிருந்தால் வெறும் அலட்சியமாகவே ஒலித்திருக்கும்.

1984 செப்டம்பர் தொடக்கத்தில் இந்தப் பாடல் ஹாட் 100இன் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரங்கள் நின்றது. அந்தப் பட்டியலில் அவர் முதலிடம் பெற்றது இந்த ஒரு முறைதான். அப்போது அவருக்கு வயது 44. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. 1985 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பெண் பாப் குரல், "பெட்டர் பி குட் டு மீ" பாடலுக்காகச் சிறந்த பெண் ராக் குரல் என அவர் மூன்று விருதுகளைப் பெற்றார். ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது எழுதிய இருவருக்கும் போனது. சிறந்த பெண் ராக் குரலுக்கான விருதை அவர் 1985, 1986, 1987, 1989 என நான்கு முறை பெற்றார். அரசி என்ற பட்டத்தை வெறும் விளம்பரச் சொல்லாக நினைப்பவர்களுக்கு இந்த நான்கு ஆண்டுகளும் பதில் சொல்லும். கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய ராக் இசை 1970களில் வெள்ளை ஆண்களின் இசையாக வகைப்படுத்தப்பட்டிருந்த நிலையில், அந்த வகைக்குள் தம் இடத்தை அவர் பெற்றார் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

இதற்குப் பிந்தியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1985இல் "மேட் மேக்ஸ்" திரைப்படத்தில் நடித்துப் பாடிய "வி டோன்ட் நீட் அனதர் ஹீரோ" ஹாட் 100இல் 2ஆம் இடம் பெற்றது. 1988 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஏறத்தாழ 1,80,000 பேர் கட்டணம் செலுத்தி அவர் நிகழ்ச்சியைப் பார்த்தது அன்று ஒரு தனிக் கலைஞருக்கான உலகச் சாதனையாகப் பதிவானது. 1995இல் ஜேம்ஸ் பாண்ட் படமான "கோல்டன்ஐ"க்காக யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் எழுதியதைப் பாடினார். 2000ஆம் ஆண்டில், 60 வயதில், வட அமெரிக்காவில் அந்த ஆண்டின் மிக அதிக வசூல் பெற்ற சுற்றுப்பயணத்தை நடத்தினார்.

"தி பெஸ்ட்" பாடலை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். மைக் சாப்மன், ஹாலி நைட் எழுதி, 1988இல் பானி டைலர் பாடியபோது பெரிதாகப் பேசப்படாத பாடல். பாடலுக்கு நடுவே ஒரு புதிய பகுதி வேண்டும், அதன் பின் சுருதி உயர வேண்டும் என்று டினா எழுதியவர்களிடம் கேட்டுப் பெற்றார். 1989 பதிவில் அந்த இடைப்பகுதியையும், எட்கர் வின்டரின் சாக்ஸபோனையும், சுருதி ஏறிய பின் வரும் பல்லவியையும் கேட்டால், பாடலைப் பாடலாக்கியதே அந்தத் திருத்தம்தான் என்பது விளங்கும். எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தொகுப்புகள் எதைக் காட்டுகின்றன, எதை விடுகின்றன?

1991 அக்டோபரில் வெளியான "சிம்ப்ளி தி பெஸ்ட்" அவருடைய மிகப் பரவலான தொகுப்பு. பிரிட்டனில் 2ஆம் இடம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் விற்றது. அதைத் தொடர்ந்து 2004, 2008, 2023 ஆண்டுகளிலும் தொகுப்புகள் வந்தன. இவற்றை அணுகும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

1. 1991 தொகுப்பு, தனிப் பாடகியாக அவர் அடைந்த வெற்றிகளைச் சுற்றியே அமைக்கப்பட்டது. பழையவற்றுள் "ரிவர் டீப் – மவுண்டன் ஹை" உண்டு. "ப்ரௌட் மேரி" அதன் முதல் வடிவத்தில் இல்லை.

2. "நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்" இருக்கிறது. ஆனால் அது 1973 பதிவு அல்ல, நடன அரங்குகளுக்கேற்ற தாளத்தோடு புதிதாகப் பாடப்பட்ட மறுபதிவு.

3. 1993இல் அவருடைய வாழ்க்கையைச் சொல்லி ஏஞ்சலா பாசெட் நடித்து வெளிவந்த திரைப்படத்துக்காக, 1960களின் பாடல்களை டினா மீண்டும் பாடினார். இணையத்தில் தேடும்போது "எ ஃபூல் இன் லவ்" என்ற தலைப்பில் இந்த 53 வயதுக் குரலும் வரும், 20 வயதுக் குரலும் வரும். ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரலாறு கலங்கிவிடும்.

4. ஹாட் 100 இடங்களை மட்டும் வைத்துத் தேர்ந்தால் "ரிவர் டீப்" ஒருபோதும் தொகுப்பில் சேராது. அதைச் சேர்க்க வைத்தது பிரிட்டிஷ் ரசிகர்களின் நினைவு.

இரண்டு கௌரவங்களும் 2021 விற்பனையும்

புகழ் மன்றத்தின் விதிப்படி, முதல் தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் கடந்தபின் ஒரு கலைஞரோ குழுவோ தகுதி பெறும். 1991இல் சேர்க்கப்பட்டது ஐக் அண்ட் டினா டர்னர் என்ற இரட்டையர். அப்போது ஐக் சிறையில் இருந்தார், டினாவும் வரவில்லை, இருவர் சார்பில் ஏற்றுக்கொண்டவர் ஃபில் ஸ்பெக்டர். 2021இல் சேர்க்கப்பட்டது டினா டர்னர் என்ற தனிக் கலைஞர். ஒரே மனிதருக்கு இரு கௌரவம் என்று தோன்றுவது சட்டப்படியும் கலைப்படியும் இரண்டு வேறு பெயர்களுக்கானது. மன்றம் அவரைத் தனியே ஏற்க மேலும் 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது நியாயமற்ற தாமதம். 1985இலேயே முடிந்துவிட்ட விவாதம் அது.

அதே 2021 அக்டோபரில் பி.எம்.ஜி. என்ற இசை நிறுவனம் அவருடைய இசை உரிமைகளை வாங்கியதாக அறிவித்தது. அதிகம் எழுதாத பாடகி எதை விற்றார் என்று அன்று பலர் கேட்டனர். ஒலிப்பதிவுகளில் கலைஞர் என்ற முறையில் அவருக்கு வரும் பங்கு, அவர் எழுதிய பாடல்களில் எழுத்தாளர் பங்கு, ஒலிபரப்பின்போது பாடியவருக்குக் கிடைக்கும் உரிமைத்தொகை, இவற்றோடு அவருடைய பெயரையும் உருவத்தையும் வணிக நோக்கில் பயன்படுத்தும் உரிமை ஆகியவை அதில் அடங்கின. 1960இல் வேறொருவர் பதிவு செய்துகொண்ட, 1978இல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து மீட்ட அதே பெயரை, 81 வயதில், தம் விருப்பப்படி, தம் விலைக்கு அவரே விற்றார்.

எங்கிருந்து கேட்பது?

புதிதாகத் தொடங்குபவர்கள் தொகுப்பின் முதல் பாடலிலிருந்து வரிசையாகச் செல்வதைவிட, இணை இணையாகக் கேட்பது நல்லது. கிரீடன்ஸ் குழுவின் "ப்ரௌட் மேரி"யைக் கேட்டுவிட்டு 1971 பதிவு. ஆல் கிரீனின் 1971 "லெட்ஸ் ஸ்டே டுகெதர்" கேட்டுவிட்டு 1983 பதிவு. கிரீன் கெஞ்சிக் கேட்பதை டினா நிமிர்ந்து நின்று கேட்கிறார். பானி டைலருக்குப் பின் 1989இன் "தி பெஸ்ட்". "ஹெல்ப்!" பாடலை பீட்டில்ஸ் துள்ளலாகப் பாடியதைக் கேட்டபின், "ப்ரைவேட் டான்சர்" ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் உள்ள டினாவின் பதிவு, உதவி கேட்கும் சொற்களை அவர் தேவாலயப் பாடலின் மெதுநடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

இறுதியாக, 1973இன் "நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்" பதிவையும் 1991 மறுபதிவையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். தாளமும் ஒலியமைப்பும் மாறியிருப்பது உடனே தெரியும். அதைவிட, ஊரின் பெயரை அவர் உச்சரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். முதல் பதிவில் அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு இசைக்குழு ஓடிவருகிறது. இரண்டாவதில் அவர் சொல்லி முடிக்கும் வரை இசைக்குழு காத்திருக்கிறது.